கம்பெனி ஸ்டீரியோவில் சாட்டிலைட் ரேடியோவை இணைப்பது எப்படி? அமெரிக்கா, கனடாவில் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

அமெரிக்காவிலோ கனடாவிலோ பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் சிரியஸ்எக்ஸ்எம் (சந்தா கட்டிக் கேட்கும் சாட்டிலைட் ரேடியோ) கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். தள்ளுபடியில் கிடைத்தது என்று முதலில் ரிசீவரை வாங்கிவிட்டு, அதைக் கம்பெனி ஸ்டீரியோவில், அதாவது காரோடு வந்த ஸ்டீரியோவில், எங்கே செருகுவது என்று பிறகு தேடுகிறார்கள். காரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதிச் செலவு மிச்சம். சில கார்களில் எதையுமே வாங்கத் தேவையிருக்காது.

காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றி எறியாமல், தனி ரிசீவர் ஒன்றை அதோடு சேர்ப்பது பற்றியதே இந்த வழிகாட்டி. புது ஸ்டீரியோ மாட்டப் போகிறீர்கள் என்றால் உங்கள் வழி வேறு: 'சிரியஸ்எக்ஸ்எம் ரெடி' என்று போட்ட ஸ்டீரியோவும், அதன் பின்னால் செருகும் எஸ்எக்ஸ்வி300 டியூனரும் (சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி) போதும். அந்த டியூனரைக் கம்பெனி ஸ்டீரியோவில் நேரடியாகச் செருக முடியாது. சில மாடல்களுக்கு மட்டும் இடையில் மாட்டும் தனி இணைப்புக் கருவி (இன்டர்ஃபேஸ்) விற்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று டியூனரை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்ப் பாட்டுக்காகத்தான் இது என்றால், சந்தா கட்டுவதற்கு முன் சேனல் பட்டியலைப் பாருங்கள். நிறுவனத்தின் செல்பேசிச் செயலியில் வருவதெல்லாம் காரில் சாட்டிலைட் வழியாக வராது. ஊரில் பரணில் கிடக்கும் வேர்ல்ட்ஸ்பேஸ் ரிசீவரையும் இங்கே தூக்கி வராதீர்கள். அது வேறு அலைவரிசை, வேறு சேவை, இந்தியாவில் 2009 முடிவோடு நின்றும் போனது.

1. காரில் ஏற்கெனவே இருக்கிறதா?

ஸ்டீரியோவில் எஸ்ஏடி, எக்ஸ்எம், எஸ்எக்ஸ்எம் என்று ஏதாவது பட்டன் இருக்கிறதா பாருங்கள். பேண்ட் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் எஃப்எம், ஏஎம் என்பதைத் தாண்டி மூன்றாவதாகச் சிலவற்றில் வரும். காரை வெட்டவெளியில் நிறுத்தி அதை அழுத்துங்கள். சேனல் 1-இல் அறிமுக ஒலிபரப்பு கேட்டாலோ, சேனல் 0-க்குப் போனதும் ரேடியோ ஐடி என்று எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை திரையில் வந்தாலோ டியூனர் உள்ளே இருக்கிறது. சந்தா கட்டினால் வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையின் 9-ஆம் படிக்கு நேராகப் போகலாம்.

கூரையில் சுறாத்துடுப்பு மாதிரி ஆன்டெனா இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவோ செல்பேசி ஆன்டெனாவோ மட்டும் இருக்கலாம். பட்டன் இருப்பதும் முழு உத்தரவாதம் இல்லை. டியூனர் இல்லாத காரிலும் ஒரே முகப்பைப் பொருத்தி அனுப்பியிருப்பார்கள். ஜிஎம் கார் என்றால் கிளவ் பாக்ஸிலோ டிக்கியிலோ ஒட்டியிருக்கும் ஆப்ஷன் குறியீட்டு ஸ்டிக்கரில் யு2கே என்பதைத் தேடுங்கள். அது இருந்தால் கம்பெனியிலேயே சாட்டிலைட் ரேடியோ பொருத்தப்பட்ட வண்டி. மற்ற கம்பெனிகளின் காருக்கு எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) வைத்து டீலரிடம் கேட்கலாம்.

2. ஸ்டீரியோ எதை ஏற்றுக்கொள்ளும்?

டியூனர் இல்லை என்று உறுதியானதும், வெளியிலிருந்து ஒலியை உள்ளே விட என்ன வாசல் இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் ஆக்ஸ் துளை 3.5 மில்லிமீட்டர், பழைய செல்பேசியின் ஹெட்ஃபோன் துளையேதான். ஸ்டீரியோவின் முகத்தில் இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள பெட்டியின் அடியில், கிளவ் பாக்ஸுக்குள், லைட்டர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சீட்டுத் திரையோடு வரும் வேன்களில் பின்னால் இருக்கும் துளை ஹெட்ஃபோனுக்கானது. அதிலிருந்து ஒலி வெளியே வரும், உள்ளே போகாது.

யுஎஸ்பி துளை உதவாது. அது பென்டிரைவையும் செல்பேசியையும் படிக்கும். ரிசீவரின் ஒலியை அதன் வழியாக ஊற்ற முடியாது. இரண்டு பக்கமும் பொருந்துகிற கேபிள் வாங்கியும் சத்தமே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

புளூடூத் இருந்தால் உங்கள் செல்பேசியிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால் சரி. பேச்சு மட்டும் கேட்கிறது, பாட்டு வரவில்லை என்றால் அது அழைப்புக்கு மட்டுமான பழைய புளூடூத். நமக்குப் பயன்படாது.

இவை எதுவும் இல்லாத வண்டி என்றால் கேசட் துளை இருக்கிறதா, பின்னால் சிடி சேஞ்சருக்கான போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டொயோட்டாக்களில் 5+7 பின் போர்ட், ஹோண்டாக்களில் 14 பின் போர்ட் என்று இருக்கும். அந்தப் போர்ட்டில் செருகினால் ஆக்ஸ் துளை ஒன்றை உண்டாக்கித் தரும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. மாடலும் ஆண்டும் டிரிமும் (அதே மாடலின் உள்வகை) அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரே ஆண்டு கேம்ரியில்கூட ஸ்டீரியோ இரண்டு விதமாக இருக்கலாம். ஸ்டீரியோவின் முகப்பில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அடாப்டர் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

3. எந்த வழி?

ஆக்ஸ் இருந்தால் ஆக்ஸ். யோசிக்க ஒன்றுமில்லை. விலை குறைவு, ஒலி தெளிவு, டாஷ்போர்டைப் பிரிக்கவும் வேண்டாம்.

ஆக்ஸ் இல்லாமல் புளூடூத் பாட்டு மட்டும் வருகிற புதுக் கார் என்றால், புளூடூத் வழியாக ஒலியை வெளியே அனுப்பும் ரிசீவரை வாங்குங்கள். ரோடி பிடி அந்த வகை. ஒரே ஒரு சிக்கல். பல ஸ்டீரியோக்கள் பாட்டுக்கு ஒரு கருவி, அழைப்புக்கு ஒரு கருவி என்று தனித்தனியாக ஏற்றுக்கொள்ளும், சிலவற்றில் முடியாது. முடியாத காரில் ஒவ்வொரு முறையும் செல்பேசியைத் துண்டித்துவிட்டு ரிசீவரை இணைக்க வேண்டிவரும். வாங்குவதற்கு முன் இரண்டு செல்பேசிகளை வைத்து இதைச் சோதித்துவிடலாம்.

இரண்டும் இல்லையா? எஃப்எம் டைரக்ட் அடாப்டர். சிரியஸ்எக்ஸ்எம்மின் எஃப்எம்டிஏ25 இந்த வேலைக்கானது. காரின் ஆன்டெனா கேபிளுக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் இது உட்காரும். ரிசீவரின் ஒலி கம்பி வழியாகவே ஸ்டீரியோவின் எஃப்எம்முக்குள் போகும். டாஷ்போர்டைத் திறக்க வேண்டும் என்பதுதான் இதன் விலை.

கேசட் துளையில் போட்டு ஒலியை உள்ளே விடும் கேசட் அடாப்டர் மலிவு. ஆனால் ஆட்டோ ரிவர்ஸ் (கேசட்டின் பக்கத்தைத் தானாக மாற்றுவது) உள்ள ஸ்டீரியோக்கள் அதைத் துப்பிவிடும், இல்லையென்றால் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்னொருவரிடம் இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

கம்பியில்லா எஃப்எம் கடைசி வழி. ரிசீவரோடு வரும் பவர் அடாப்டரே சின்ன எஃப்எம் நிலையம் போல இயங்கும். நீங்கள் அதே எண்ணில் ஸ்டீரியோவை வைத்துக் கேட்பீர்கள். பெட்டியின் மேல் இதைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் எதையும் பிரிக்க வேண்டாம். ஆனால் உரிமம் இல்லாத எஃப்எம் கருவியின் வலு, 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைய விதி. அவ்வளவு மெல்லிய சிக்னல், பின்கண்ணாடியிலோ பின்பக்க ஃபெண்டரிலோ ஆன்டெனா உள்ள காரில் போய்ச் சேருவதற்குள் கரகரக்க ஆரம்பித்துவிடும். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், டொராண்டோ போன்ற ஊர்களில் காலியான எண் கிடைப்பதே கஷ்டம். கிராமப்புறத்தில், முன்பக்கம் கம்பி ஆன்டெனா உள்ள பழைய பிக்கப்பில் இது நன்றாகவே வேலை செய்யும்.

4. பொருட்களும் செலவும்

அமெரிக்க விலையில், வரி இல்லாமல் ஏறக்குறைய இவ்வளவு ஆகும்:

- கார் கிட்டோடு வரும் ரிசீவர் (ஆனிக்ஸ் இஇசட்ஆர் போன்றது): 60 முதல் 110 டாலர். டாக் (ரிசீவரைச் செருகி நிறுத்தும் தாங்கி), காந்த ஆன்டெனா, பவர் அடாப்டர், ஆக்ஸ் கேபிள் உள்ளேயே வரும். வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள்.
- எஃப்எம் டைரக்ட் அடாப்டர்: 20 முதல் 35 டாலர்.
- கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (ஒலிக்கம்பியில் ஏறும் இரைச்சலை வெட்டுவது): 10 டாலர் சுற்றி. ஆக்ஸில் இரைச்சல் வந்தால் மட்டும்.
- பிளாஸ்டிக் நெம்புகோல் செட், ஜிப் டை, துணி டேப்: எல்லாம் சேர்த்து 15 முதல் 20 டாலர்.
- கார் ஆடியோ கடையில் கொடுத்து மாட்டினால் கூலி: 75 முதல் 150 டாலர்.

ரிசீவரை மட்டும் யாரிடமாவது இரண்டாம் கையாக வாங்கினால் டாக்கும் ஆன்டெனாவும் தனியாக வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் புதுக் கிட்டின் விலையே வந்து நிற்கும். பழைய பவர் அடாப்டர்களை மாற்றிச் செருகுவதும் ஆபத்து. பிளக் பொருந்துவதால் வோல்டேஜும் பொருந்தும் என்று இல்லை.

ஆக்ஸ் வழியில் ஆன்டெனாக் கேபிளை ஒளித்து ஓட்டுவதற்கே ஒரு மணி நேரம் போகும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். எஃப்எம் டைரக்ட் என்றால் அரை நாள். மழையில்லாத பகலில், வெட்டவெளியில் வேலை செய்யுங்கள். மூடிய கராஜுக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சிக்னல் வரவில்லை என்று மறுபடி பிரிப்பது வீண் வேலை.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ரேடியோ ஐடி முதலில். ரிசீவரின் முதுகிலும் பெட்டியிலும் இருக்கும்; டாக்கில் மாட்டுவதற்கு முன்பே படம் எடுங்கள். அந்த வரிசையில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, எஸ், எஃப் வராது. அப்படித் தெரிந்தால் அது 1, 0, 5 போன்ற எண். போனில் சந்தா எடுக்கும்போது இந்த ஒரு குழப்பத்தாலேயே வேறு ஐடி பதிவாகிவிடுகிறது.

ஸ்டீரியோவைக் கழற்றப் போகிறீர்கள், கார் ஹோண்டாவோ அக்யூராவோ என்றால் ரேடியோ கோடு (ஸ்டீரியோவைத் திறக்கும் ரகசிய எண்) இல்லாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள். மின்சாரம் துண்டித்துத் திரும்ப வந்ததும் பல மாடல்களில் ஸ்டீரியோ கோடு கேட்டு நிற்கும். கையேட்டோடு இருக்கும் சின்ன அட்டையிலோ கிளவ் பாக்ஸுக்குள் ஸ்டிக்கரிலோ அது இருக்கும். பழைய கார் வாங்கியவர்களுக்கு அட்டை கிடைத்திருக்காது. வின் எண்ணும் ஸ்டீரியோவின் சீரியல் எண்ணும் கொடுத்தால் ஹோண்டாவின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். முதலில் எடுத்துவிட்டுப் பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.

லீஸ் கார் என்றால் ஒப்பந்தத்தில் மாற்றங்கள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். துளை போடுவது, கம்பியை வெட்டுவது கூடாது. செருகி எடுப்பதில் சிக்கல் வராது. சொந்தக் கார், வாரண்டி மிச்சம் இருக்கிறது என்றால் கவலைப்பட வேண்டாம். மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் 1975 முதல் இருக்கிறது. வெளிப்பொருள் ஒன்றைச் சேர்த்தீர்கள் என்பதற்காக மட்டும் அமெரிக்காவில் வாரண்டியை மறுக்க முடியாது. நீங்கள் மாட்டியதால்தான் அந்தப் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுப்பார்கள். ஆகவே பில்களை வைத்திருங்கள்.

6. ஆன்டெனா

பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இது. சிக்னல் 2.3 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. வானம் தெரிந்தால்தான் கிடைக்கும். காருக்குள் டாஷ்போர்டின் மேல் வைத்தாலும் கொஞ்சம் பிடிக்கும்தான். ஆனால் மரமும் கட்டடமும் வந்ததும் அறுந்து அறுந்து கேட்கும். உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அதுவும் இல்லை.

கூரையின் மேல், ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 3 அங்குலம் உள்ளே வையுங்கள். அடியில் உலோகம் பரந்திருப்பது அவசியம். அந்தத் தகடும் சேர்ந்துதான் சிக்னலை வாங்குகிறது. லக்கேஜ் ரேக், சன்ரூஃப், வேறு ஆன்டெனா ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கன்வெர்ட்டிபிளில் டிக்கி மூடியின் மேல்.

காந்தம் ஒட்டாத வண்டிகள் உண்டு. ஃபோர்டு எஃப்-150 பிக்கப் 2015 மாடலிலிருந்து அலுமினிய உடம்பு. அதில் காந்த ஆன்டெனாவை வைத்துவிட்டுச் சாலையில் ஏறினால், கேபிளில் தொங்கிக்கொண்டு கதவை அடிக்கும். கார்களுக்கான இரட்டைப் பக்கப் பசை டேப்பால் ஒட்டுங்கள். அலுமினியமும் உலோகம் என்பதால் சிக்னலுக்குக் குறைவிருக்காது. ஃபைபர் கூரைக்கு அது போதாது; ஆன்டெனாவை விடப் பெரிய மெல்லிய இரும்புத் தகட்டை முதலில் ஒட்டி அதன் மேல் வையுங்கள்.

கேபிள் பாதை, செடான் என்றால்: கூரையிலிருந்து பின்கண்ணாடியின் ரப்பர் பீடிங்குக்கு அடியில் செருகிக்கொண்டே கீழே வந்து, டிக்கி ஓரத்தின் ரப்பரைத் தாண்டி உள்ளே விடுங்கள். நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே கேபிள் ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறி உள்ளே போகட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நேராக விட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டு டிக்கிக்குள் வரும். அங்கிருந்து பின்சீட்டுக்கு அடியில், கதவடியின் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளாக முன்னே கொண்டு வாருங்கள். எஸ்யுவி, மினிவேன் என்றால் பின்கதவு மூடும் ரப்பரின் வழியாக அதே பாதை.

முன்கண்ணாடிப் பக்கமாகக் கொண்டு வருகிறவர்கள் கண்ணாடி ஓரத் தூணைக் கவனியுங்கள். அதற்குள் பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கும். தூண் மூடியை நெம்பித் திறந்து ஏர்பேக்கின் மேலாகக் கேபிளை ஓட்டினால், விபத்தில் பை விரியும்போது கேபிள் குறுக்கே நிற்கும். மஞ்சள் நிற பிளக் எதைக் கண்டாலும் தொடாதீர்கள். அது ஏர்பேக் கம்பி.

கேபிள் நிறையவே மிச்சம் வரும். வெட்டி ஒட்டக் கூடாது. பெரிய வளையமாகச் சுற்றி, ஜிப் டையை இறுக்காமல் போட்டு, சீட்டுக்கு அடியில் விட்டுவிடுங்கள். கதவு நசுக்கினாலோ கூர்மையாக மடித்தாலோ உள்ளே இருக்கும் கம்பி நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரிசீவர் மட்டும் 'ஆன்டெனாவைப் பார்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

7. பவர்

லைட்டர் சாக்கெட்டில் செருகுவதே எளிது. சாவியை எடுத்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று செல்பேசி சார்ஜரை வைத்துப் பாருங்கள். இருந்தால் ரிசீவர் இரவெல்லாம் ஓடி, குளிர்காலக் காலையில் பேட்டரியைக் கவிழ்த்துவிடும்.

கம்பி தெரியக் கூடாது என்று பிளக்கை வெட்டிவிட்டு, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கொழுத்த பிளக்குக்குள்தான் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சர்க்யூட் இருக்கிறது. வெட்டினால் ரிசீவர் புகையும். ஒளித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் பெட்டியிலிருந்து கிளை மின்சாரம் எடுக்கும் சிறு இணைப்பான்) வழியாக டாஷ்போர்டுக்குள் ஒரு லைட்டர் சாக்கெட்டை மாட்டி, அதில் இந்தப் பிளக்கை அப்படியே செருகுங்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃப்யூஸ்கள் வேண்டாம்.

டாக்கை எங்கே மாட்டுவது என்பது உங்கள் வசதி. ஏர்பேக் விரியும் இடம், ஸ்டியரிங், கியர், பார்வை ஆகியவற்றை மறைக்கக் கூடாது. முன்கண்ணாடியில் எதை, எந்த மூலையில் ஒட்டலாம் என்பதற்குக் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அளவோடு சட்டம் இருக்கிறது. ஏசி வென்ட்டில் மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் அந்த வென்ட்டின் சூட்டை மட்டும் மூடி வையுங்கள்.

8. ஒலியை இணைத்தல்

*ஆக்ஸ்.* டாக்கில் ஆடியோ என்று போட்ட துளையிலிருந்து காரின் ஆக்ஸுக்குக் கேபிள். பிறகு ரிசீவரின் மெனுவில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் விட்டால் நீங்கள் கேட்பது பக்கத்துக் காரிலும் கேட்கலாம், உங்கள் எஃப்எம்மிலும் குறுக்கிடலாம். அடுத்து ஒலியளவு: ஸ்டீரியோவில் வழக்கமான எஃப்எம் நிலையம் ஒன்றைக் கேட்டுவிட்டு, வால்யூமைத் தொடாமல் ஆக்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவில் கேட்கும்வரை ரிசீவரின் ஆடியோ லெவலை மாற்றுங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் ஸ்டீரியோ வால்யூமை ஏற்ற வேண்டிவரும், இரைச்சலும் கூடவே ஏறும். மிக அதிகம் என்றால் பாட்டு உடைந்து கேட்கும்.

*எஃப்எம் டைரக்ட்.* சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள மூடியைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். உள்ளே ஜிஎம்மில் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் திருகு, டொயோட்டாவில் 10. பழைய ஃபோர்டுகளில் திருகே இருக்காது. முகத்தில் நான்கு சிறு துளைகள் மட்டும். அதற்கு யு வடிவச் சாவி ஒரு ஜோடி, சில டாலருக்குக் கிடைக்கும்.

ஸ்டீரியோவை மெதுவாக முன்னே இழுத்து, பின்னால் தனியாக வரும் ஆன்டெனா பிளக்கை எடுங்கள். அதை அடாப்டரில் செருகி, அடாப்டரின் மறுமுனையை ஸ்டீரியோவில் செருகுங்கள். அடாப்டரின் மெல்லிய கேபிள் டாக்கின் எஃப்எம் துளைக்கு. பெட்டியை உள்ளே ஏதாவது கம்பிக் கொத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆடவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று கேட்கும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி, ஒலி வருகிறதா என்று பாருங்கள்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஆன்டெனா பிளக் வேறாக இருப்பது. அடாப்டரில் வருவது பழைய பருத்த மோட்டோரோலா பிளக். ஃபோக்ஸ்வாகன், ஆடி, பிஎம்டபிள்யூ ஆகியவற்றின் பிந்தைய மாடல்களில் பிளாஸ்டிக் கூடு போட்ட ஃபக்ரா பிளக். சில ஜிஎம் கார்களில் அளவு சிறியது. ஆண், பெண் இரண்டுக்கும் மாற்றுப் பிளக்குகளை முன்கூட்டியே வாங்க வேண்டும். இன்னொன்று, ஆன்டெனாவின் பூஸ்டருக்கு (சிக்னலை வலுவாக்கும் சர்க்யூட்) மின்சாரம் அதே கேபிளில் போகும் கார்கள். நடுவில் அடாப்டரை வைத்ததும் அந்த மின்சாரம் நின்று, சாதாரண எஃப்எம் நிலையங்கள் எல்லாம் மங்கிப்போகும். நீலக் கம்பியோடு வரும் மாற்றுப் பிளக் இதற்காகத்தான். அந்தக் கம்பிக்கு ஸ்டீரியோவின் ஆன்டெனா பவர் கம்பியிலிருந்து 12 வோல்ட் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு வந்தால் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. ஏசியும் கேமராவும் ஒரே திரையில் உள்ள புதுக் கார்களில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

*கம்பியில்லா எஃப்எம்.* ஸ்டீரியோவில் 88.1 முதல் 107.9 வரை ஒற்றைப்படைப் புள்ளிகளாக நகர்த்தி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணைத் தேடுங்கள். அதற்கு 0.2 மேலும் கீழும் காலியாக இருக்க வேண்டும். பக்கத்து நிலையம் வலுவாக இருந்தால் உங்கள் ஒலியின் மேல் வந்து உட்காரும். நீங்கள் தினமும் போகும் சாலையின் இரண்டு முனையிலும் சோதியுங்கள். வீட்டு வாசலில் காலியாக இருப்பது அலுவலகத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்காது. மூன்று எண்களை ப்ரீசெட்டில் போட்டுக்கொண்டால் மாற்றுவது எளிது.

9. சந்தாவும் ஆக்டிவேஷனும்

காரை வெளியே நிறுத்தி, ரிசீவரை இயக்கி, சேனல் 1 கேட்கிறது என்று உறுதியான பிறகு சந்தாவைப் பதிவு செய்யுங்கள். ஆக்டிவேஷன் சிக்னலும் சாட்டிலைட் வழியாகவே வருகிறது. ரிசீவர் அணைந்திருந்தால் அதை வாங்காது. வழக்கமாகச் சில நிமிடம், சில நேரம் கால் மணி நேரம். வரவில்லை என்றால் நிறுவனத்தின் தளத்தில் ரேடியோ ஐடி கொடுத்து ரெஃப்ரெஷ் (ஆக்டிவேஷன் சிக்னலை மறுபடி அனுப்புவது) கேட்கலாம். மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

விளம்பரத்தில் தெரியும் மாத விலை வேறு, அட்டையில் பிடிக்கும் தொகை வேறு. பாட்டு உரிமைக் கட்டணம், வரி, சில நேரம் ஆக்டிவேஷன் கட்டணம் எல்லாம் சேரும். மொத்தம் எவ்வளவு, சலுகை எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். முடிவதற்கு ஒரு வாரம் முன்பு அழைத்து நிறுத்தப் போகிறேன் என்றால் புதுச் சலுகை கிடைப்பது இங்கே ஊரறிந்த விஷயம். ரத்து செய்ய மிக இழுத்தடிக்கிறார்கள் என்று நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) 2023 டிசம்பரில் வழக்கே போட்டார். 2024 நவம்பரில் நீதிமன்றம் ரத்து முறை கூட்டாட்சிச் சட்டத்தை மீறியது என்றது. ரத்து செய்தால் உறுதி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கனடாவில் கணக்கும் கட்டணமும் தனி. அமெரிக்கச் சந்தா எடுத்துவிட்டு அங்கே குடிபெயர்ந்தால் புதிதாகத் தொடங்க வேண்டும்.

10. கோளாறு வந்தால்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி: ஆக்ஸ் கேபிளை ரிசீவர் பக்கம் மட்டும் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப். பவரும் ஒலியும் வேறு வேறு இடத்தில் கிரவுண்ட் ஆவதால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஒலிக்கம்பியில் ஏறுகிறது. ஐசொலேட்டரை நடுவில் போட்டால் போய்விடும். பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கேபிளை மாற்றி, பவர் கம்பியிலிருந்து தள்ளி ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்பது: ஆக்ஸ் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. செல்பேசி உறையின் துளைக்காகச் செய்த ஒல்லியான பிளக்குள்ள கேபிள் பயன்படுத்துங்கள்.

'சிக்னல் இல்லை' என்று வந்தால் மெனுவில் ஆன்டெனா அளவைப் பார்க்கும் திரை இருக்கிறது. அதில் சாட்டிலைட் ஒரு பட்டை, தரை ரிப்பீட்டர் (சிக்னலைத் தரையிலிருந்து மறுபடி ஒலிபரப்பும் கோபுரம்) ஒரு பட்டை. பெரிய ஊர்களில் தரைப்பட்டை நிறைந்து சாட்டிலைட் பட்டை காலியாக இருந்தாலும் நன்றாகக் கேட்கும்; நெடுஞ்சாலை ஏறியதும் நின்றுவிடும். அதனால் ஊருக்கு வெளியே ஒருமுறை பார்த்துச் சாட்டிலைட் பட்டை நிறையும் இடத்துக்கு ஆன்டெனாவை நகர்த்துங்கள்.

சில சேனல்கள் மட்டும் காணாமல் போனால் அது வயரிங் கோளாறு இல்லை; உங்கள் சந்தாத் திட்டத்தில் அவை இல்லை, அல்லது ரெஃப்ரெஷ் தேவை. நேரலைக் கிரிக்கெட்டோ கால்பந்தோ கேட்கும்போது செல்பேசி ஸ்கோருக்குப் பின்னால் ஒலி வருவதும் கோளாறு இல்லை. சிக்னல் அறுபடாமல் இருக்க ரிசீவர் சில வினாடி சேமித்துத்தான் ஒலிக்கிறது.

11. காரை விற்கும்போது

சந்தா உங்கள் பெயரில், ரேடியோ ஐடியின் மேல் இருக்கிறது. காரின் மேல் இல்லை. டாக், ஆன்டெனா, பவர் மூன்றையும் கழற்றிக்கொண்டு அடுத்த காரில் மாட்டலாம், புது ஆக்டிவேஷன் வேண்டாம். எஃப்எம் டைரக்ட் அடாப்டரை எடுத்தால் ஆன்டெனா பிளக்கைப் பழையபடி ஸ்டீரியோவில் செருக மறக்காதீர்கள். வாங்குபவர் முதலில் எஃப்எம்மைத்தான் போட்டுப் பார்ப்பார். ரிசீவரையே காரோடு விடுவதாக இருந்தால், அந்த ஐடியை உங்கள் கணக்கிலிருந்து நீக்கி உறுதி எண் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.